பார்சலம்மா பிடித்த குடை

கோழிக் கிறுக்கலாக எழுதின முகவரிகளைப் படித்துச் சொல்வதுதான் பார்சல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இருபத்தாறு வருடம் அதையே பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் பூத்துப்போயின. அலுவலகத்தில் பார்சலம்மா என்றால்தான் தெரியும். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு பெற்றவர்; கோபம் வந்தால் மட்டும் அவளை "அம்மா தாயே" என்பார். இது போக அவளுக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. அதில் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. கணினிக்குள்ளே ஒரு தீவு, அந்தத் தீவில் ஒரு மனிதருக்குக் குடை பிடிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தத் தீவைத் தொடங்கியபோது மொத்தமே நாற்பத்து மூன்று பேர். ஆளுக்கு ஒரு உருவம், ஒரு குடிசை, நடுவில் எல்லோரும் கூடிப் பேச ஒரு திடல். யார் எந்த நாடு, என்ன வயது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. காலை ஆறு, பகல் ஒன்று, மாலை ஏழு என்று மூன்று வேளையும் அங்கே மழை பெய்யும். கணினி முன்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் உருவம் நனையும், நடுங்கும், பிறகு காய்ந்துவிடும். குடிசைக்குள் போய்ப் படுத்தாலும் பயமில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் திடலிலேயே உருவத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனால்தான் வினை. ஒரே மழையில் அது கரைந்துவிடும். திரும்பி வந்தால் புது ஆளாகத்தான் வரவேண்டும், பழைய முகமும் பெயரும் போனது போனதுதான்.

அதனால் அந்த நாற்பத்து மூன்று பேரும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் உருவத்தை இன்னொருவர் நகர்த்த முடியாது; ஒரு மழைக்கு ஆளுக்கு ஒரு குடைதான் கிடைக்கும். அதை மறதிக்காரருக்குப் பிடித்துவிட்டு, பிடிக்கிறவர் நனைந்துகொள்வார்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள், மழைக்குக் கொஞ்சம் முன்னால், மீசைக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் அவளிடம், "அடுப்புல பால் வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷம் என்னைப் பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டார். "போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றாள் இவள். போனவர் போனவர்தான்.

முதலில் ஒன்பது பேர் முறைபோட்டுப் பிடித்தார்கள். ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒருவர் பரீட்சைக்குப் படிக்கப் போனார். ஒருவர் ஒரு தொப்பிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு தீவையே தலைமுழுகினார். இந்தப் பக்கம் தீவில் கூட்டம் ஆயிரமாகி, லட்சமாகி, இப்போது கால் வைக்க இடமில்லை. திடலைச் சுற்றி ஆட்டக் கொட்டகை, தொப்பிக் கடை. புதுசாக வந்தவர்கள் மீசைக்காரரைச் சிலை என்று நினைத்து அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். முறைப் பட்டியலில் கடைசியாக மூன்று வேளைக்கும் ஒரே பெயர் நின்றது.

காலை ஆறுக்கு எழுந்து பிடிப்பாள். பகலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கைபேசியில் பிடிப்பாள். மாலையில் செருப்பைக் கழற்றியதும் பிடிப்பாள். சளைத்துப்போனாள். 'எதற்கடி இந்தப் பாடு' என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். ஆனால் நான் இருக்கேன் என்று சொன்ன வாய் அவளுடையது. கணவர் அவர் பங்குக்குக் கேட்பார்: "அந்தப் பால் இன்னுமா பொங்கல?"

அப்போதுதான் கண்ணில் அறுவை சிகிச்சை என்று வந்தது. இரண்டு நாள் திரையைப் பார்க்கக் கூடாது. தீவில் இருபது பேரிடமாவது கெஞ்சிப் பார்த்தாள். "அக்கா, வராத ஆளுக்கு எதுக்குக்கா குடை?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டு ஆடப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் கணவரிடமே வந்தாள்.

"என் பேர்ல உள்ளே போய் அந்த மீசைக்காரருக்குக் குடை பிடிக்கணும். ஒரு வேளை விட்டாலும் அவர் இல்லைங்க. கிண்டல் பண்ணாம செய்வீங்களா?"

"முப்பது மாடி லிஃப்டையே ஒத்தை ஆளா நிறுத்தினவன் நான். குடை பிடிக்க மாட்டேனா?"

பெரிய எழுத்தில் ஒன்பது வரி எழுதிக் கொடுத்தாள். எந்தப் பொத்தான், எந்தத் திசை, எத்தனை அடி, எல்லாம் அதில் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை. ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். மாத்திரை மயக்கத்தில் மதியம் முழுக்கத் தூங்கியிருந்தாள். ஏழு அடித்தது. மேசையிலிருந்து அந்த மழைச் சத்தம் கேட்டது.

"குடை பிடிச்சிட்டீங்களா?"

நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏங்க, அவர் நிக்கறாரா?"

"நாலு தடவை அவனுக்குத்தான் பிடிச்சேன்" என்றார் மெதுவாக. "நீ எழுதின மாதிரியே. மத்தியானம் பார்த்தேன். அவன் பாட்டுக்கு மரம் மாதிரி நிக்கறான். பக்கத்துல நீ வெடவெடன்னு நடுங்கிட்டு இருக்கே. இங்கே நீ கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கே. என்னால முடியலம்மா. உனக்குப் பிடிச்சிட்டேன்."

நனைந்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்பதை அந்த ஒன்பது வரியில் அவள் எழுதவே இல்லை. நாலு வருடமாக நனைந்து பழகியவளுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொடுத்த வாக்கு போய்விட்டது, நாலு வருடம் ஒரு மத்தியானத்தில் கரைந்துவிட்டது. ஆனால் அடுத்த மூச்சிலேயே தோளிலிருந்து என்னவோ இறங்கின மாதிரி இருந்தது. அப்படி இருந்ததற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அழலாம் என்றால் டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"இப்பவும் நடுங்கறே" என்றார் அவர். "குடை கையில இருக்கு. என்ன செய்யட்டும் சொல்லு."

"அவர் நின்ன இடத்துல கொண்டுபோய் என்னை நிறுத்துங்க."

விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும் சத்தம் கேட்டது. ஒற்றை விரலில் தட்டுகிறவர். "நிறுத்திட்டேன்."

"எனக்கே பிடிங்க" என்றாள். "மழை விட்டதும் குடிசைக்குள்ள கொண்டுபோய்ப் படுக்க வெச்சிடுங்க."