மோனைக்காகத் திருப்பிய காற்று

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, எங்கள் வட்டார நூலகத்தில் நாளிதழ் அறையின் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுக் கவிதை வாசிப்போம். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். அப்போதுதான் அது கவியரங்கம் என்று எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அடித்துச் சொல்வார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நன்றாக எழுதுகிறவள் இரண்டு முறை சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்? நான் நன்றாகவே எழுதுவேன்.

அப்பாவிடம் மட்டும் அது எடுபடவில்லை. குருசுக்குப்பத்திலிருந்து முழங்கால் தேயும்வரை கடலுக்குப் போனவர். துணிக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து நான் எழுத உட்கார்ந்தால், வேலை மெனக்கெட்டு எதையோ கிறுக்குகிறாள் என்பார். ஒரு வரிகூடக் கேட்டதில்லை. யார் யாரோ கைதட்டினார்கள். அவர் கேட்காதது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் நான் பிறந்த அன்று அவர் கடலிலிருந்து திரும்பிய கதையையே எழுதினேன். வெளியே போய் டீ குடிக்கலாம் என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் நூலக வாசலில் இறக்கினேன்.

முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு முன்னால் படித்தவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொட்டாவி விட்டார்.

என் முறை வந்தது. நான்காவது வரி எனக்குச் செல்லமான வரி: கச்சான் வந்து கட்டுமரத்தைக் கரைசேர்க்க. மோனைக்குத் தலைவரே தலையாட்டினார். இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தேன்.

"கச்சான் இல்ல," என்றார் அப்பா. "அது கரையிலேர்ந்து அடிக்கிற காத்து, மரத்த கடலுக்குள்ள தள்ளிக்கினு பூடும். அன்னிக்கு அடிச்சது கொண்டல், கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கிற காத்து."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மணியைத் தட்டி, வாசிப்பின் நடுவில் பேசக் கூடாது என்றார். கொண்டல் என்று போட்டால் மோனை கெட்டுவிடும் என்றும் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அப்பா மேல்தான். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாரே என்று. பிறகுதான் உறைத்தது: குறை கண்டுபிடித்தவர் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். தப்பு என்னுடையது. வீட்டிலேயே இருக்கிற மனிதரை ஒரு வார்த்தை கேட்காமல், ஓசைக்காகக் காற்றைத் திருப்பிவிட்டிருந்தேன்.

"ஐயா, கச்சான்ல மாட்டியிருந்தா எங்கப்பா அன்னிக்கு வூட்டுக்கே வந்திருக்க மாட்டாரு," என்றேன் தலைவரிடம்.

இரண்டாம் முறை கொண்டல் என்றே படித்தேன். மோனை போனது, போகட்டும். அடுத்த வரிக்குப் போகத் தைரியம் வராமல் அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"இப்ப சரி," என்றார். "மேல படி."