ஏழு பேர் வேண்டும்: அப்பாவோடு திருகோணமலை லொட்ஜுக்கு

மாசி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். கோயிலுக்கோ கடற்கரைக்கோ அல்ல. என்னுடைய அப்பா ஒரு பிறீமேசன்: மூடிய கதவுக்குள் சடங்கோடு கூடும் ஒரு பழைய சகோதரச் சங்கத்தின் உறுப்பினர். அவர்கள் கூடும் இடம்தான் லொட்ஜ். இதை எழுதும்போதே சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சின்ன வயதில் எங்கள் வகுப்பிலும் அவர்கள் மண்டையோட்டை வைத்துப் பூசை செய்பவர்கள் என்ற கதை இருந்தது. அப்பாவோ சம்பூரில் வயல் வைத்திருந்த, காணி அளக்கும் அரசாங்க சேவையராக வேலை பார்த்த, பூனைக்கும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

2006இல் யுத்தத்தில் அப்பாவும் அம்மாவும் சம்பூரை விட்டு ஓடி, முகாம்களில் இருந்து, கடைசியில் வவுனியாவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா லொட்ஜுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் "தூரம்" என்பார். தை மாதக் கடைசியில் லொட்ஜின் செயலாளர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், தொலைபேசியில் பேசினார். கூட்டம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பல மாதமாக ஏழு பேர் சேரவில்லை. இந்தமுறையும் ஏலாவிட்டால் லொட்ஜ் நடத்தும் அனுமதிப் பட்டயத்தைக் கொழும்புத் தலைமையகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதுதான். இரண்டு நாள் கழித்து அப்பா "லொட்ஜுக்குப் போடுற கறுத்த கோட்டை வெயிலில போடு பிள்ளை" என்றார்.

காலை 6.15 பஸ். ஹொரவப்பொத்தானை வழியாக, மூன்றேகால் மணித்தியாலம், ஆளுக்கு 380 ரூபாய். வலப்பக்க ஆசனத்தில் இருக்காதீர்கள், வெயில் முழுவதும் உங்களுக்குத்தான். அறை துறைமுக வீதிக்குக் கிட்ட எடுத்திருந்தோம். பின்னேரம் 2.30க்கு ஓட்டோ பிடித்தோம். இடத்தைச் சொன்னதும் சாரதி திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பேய் பங்களாவோ? உள்ளுக்கு என்ன செய்யினம் ஐயா?"

"முக்கால்வாசி நேரம் மூக்குக்கண்ணாடி தேடுவம்," என்றார் அப்பா.

கட்டடம் சின்னது. மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு விறாந்தை. கூட்டத்துக்கு முன் பெண்களும் உள்ளே பார்க்கலாம் என்று செயலாளரான அந்த டொக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கறுப்பு வெள்ளைத் தரை. நடு மேசையில் பைபிள், கீதை, குர்ஆன், தம்மபதம் நான்கும் பக்கத்தில் பக்கத்தில். சுவரில் பழைய தலைவர்களின் பெயர்ப் பலகை. மேலே எல்லாம் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகள். கீழே வர வர ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள். சண்டைக் காலத்திலும் ஊரடங்குக்கு முன் பகலில் கூடினார்களாம். "அரசியலும் மதமும் உள்ளுக்குக் கதைக்கக்கூடாது. அதாலதான் தப்பினம்," என்றார் டொக்டர். அது பாராட்டா குறையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

மூன்று மணிக்கு ஆட்களை எண்ணினார்கள். அப்பாவோடு எட்டு. எல்லோர் முகத்திலும் நிம்மதி. இடுப்பில் சங்கத்தின் வெள்ளைத் தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அப்பா தன்னுடையதைக் கையில் வைத்தபடி விறாந்தையில் நின்றுவிட்டார்.

"டொக்டர், எனக்கு இதைக் கட்ட ஏலாது. உள்ளுக்கு எனக்குக் கோபமான ஒரு ஆள் இருக்கிறார்."

எனக்கு விளங்கவில்லை. சடங்குக்காக வாளோடு கதவைக் காக்கும் சுனில் அங்கிள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், மெல்லச் சொன்னார்: லொட்ஜில் சகோதரன் ஒருவனோடு மனத்தாங்கல் இருந்தால் இரண்டு பேரும் வெளியே வந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் இரண்டு பேரும் உள்ளே போகக்கூடாது. எட்டில் இரண்டு கழிந்தால் ஆறு.

அப்பா பெயர் சொல்லவில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒருவர் தானாகவே எழுந்து வந்தார். கிண்ணியாவில் மருந்துக்கடை வைத்திருந்த ஹனிபா அங்கிள். சின்ன வயதில் எனக்கு இருமல் மருந்து தந்தவர்.

"அது நான்தானே, சேவையர்?"

"ஓம்."

"ஒங்கட கடிதம் கிடைச்சது."

அப்போதுதான் எனக்கு அந்தக் கடிதமே தெரிய வந்தது. முகாமில் அம்மா இன்சுலின் இல்லாமல் கிடந்தபோது, மருந்து கேட்டு ஒரு பாதிரியார் கையில் அப்பா இவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பிளாஸ்க்கில ஐஸ் போட்டு மருந்து எடுத்திட்டு உப்பாற்றுத் தோணித்துறை வரைக்கும் வந்தனான்," என்றார் ஹனிபா அங்கிள். "வீட்டில மூதூரில இருந்து அகதியா வந்த சனம் முப்பது பேர். ஆத்துக்கு அங்கால சண்டை. போனா ஆர் பிடிப்பான், என்ன கேப்பான் எண்டு தெரியாது. பயந்திட்டன். திரும்பிட்டன். பிறகு எந்த மூஞ்சியோட ஒங்களுக்கு எழுதுறது?"

"ஆறு நாள் அவ மருந்தில்லாமக் கிடந்தவ, ஹனிபா."

"ஓம்."

அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருசம் இருந்தா. ஆனால் அந்த ஆறு நாளை அப்பா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளே கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிட்டன் எண்டு நான் சொல்ல ஏலாது," என்றார் அப்பா கடைசியில். "அதைச் சொல்ல வேண்டியவ போயிட்டா. ஆனா நீங்கள் பொய் சொல்லேல்லை. கடிதம் கிடைக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். எனக்கு இனிக் கோபமில்லை."

ஏப்ரனின் நாடாவைப் பின்னால் கட்ட அப்பாவுக்குத் தோள் வளையாது. ஹனிபா அங்கிள்தான் கட்டிவிட்டார். சுனில் அங்கிள் கதவைச் சாத்தினார். பட்டயம் கொழும்புக்குப் போகவில்லை.

அடுத்த ஒரு மணி நாற்பது நிமிடம் நான் விறாந்தையில் இருந்தேன். பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்பதில் எனக்குக் கோபம்தான், அதை டொக்டரிடமும் சொன்னேன். ஆனால் மனத்தாங்கலோடு உள்ளே வராதே என்று ஒரு சட்டம் வைத்து, அதற்காகக் கட்டடத்தையே இழக்கத் துணிந்த ஆட்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் குடும்பக் கல்யாண வீடுகளில் இந்தச் சட்டம் இருந்தால் பந்தலில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கூட்ட நாளில் மட்டும்தான் திறப்பார்கள், முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுங்கள். உள்ளே படம் எடுக்கவேண்டாம். நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். மூதூர், வெருகல் போகிறவர்களும் இதே வீதியால் போகலாம். முன்பு வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் தோணிப்பாலத்துக்குக் காத்திருந்த இடங்களில் எல்லாம் இப்போது பாலம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹனிபா அங்கிள் வான் வண்டியோடு வந்து எங்களைச் சம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். உப்பாற்றுப் பாலத்தடியில் அப்பா நிற்பாட்டச் சொன்னார். இறங்கி, பழைய துறை எது என்று கேட்டார். ஹனிபா அங்கிள் கையைக் காட்டினார். அப்பா சேவையர், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையைக் கண்ணாலேயே அளந்தார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள்," என்றார்.

ஹனிபா அங்கிள் வண்டியில் ஏறாமல், முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நானும் அவசரப்படுத்தவில்லை.