எப்பவும் போல நீட்டா

ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. அண்ணனைக் கட்டியவள் அக்கா, தம்பியைக் கட்டியவள் நான். ஒரே வீட்டில் சமைத்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே போர்டு கடைக்கு வேலைக்குப் போகிறோம். இத்தனை வருஷத்தில் சண்டை வந்ததே இல்லையா என்று கேட்பார்கள். வந்திருக்கிறது. ஆனால் அக்காவிடம் சண்டை போடுவது சுவரிடம் சண்டை போடுவது போல. நமக்குத்தான் தொண்டை வறளும்.

கடையில் அவளுக்குப் பெயர் ஊசி அக்கா. கடைக் கண்ணாடிகளிலும் வேன்களிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். மெஷின் எழுத்தை வெட்டிக் கொடுத்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத தாளையும், எழுத்தின் வயிற்றுக்குள் மாட்டியிருக்கும் துண்டுகளையும் ஒரு மனுஷி குனிந்து உட்கார்ந்து ஊசியால் கிளறி உரிக்க வேண்டும். அப்புறம் அதை நேராக, குமிழ் இல்லாமல், கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அந்த மனுஷி இவள்தான். கடையைப் பெருக்கத்தான் முதலில் வந்தாள். உரிக்கிறவன் ஒருநாள் லீவு போட்டான், முதலாளி இவள் கையில் ஊசியைக் கொடுத்தார். அதோடு சரி, இருபது வருஷமாக அந்த ஊசியை அவர் திரும்ப வாங்கவில்லை.

நான் கவுன்டரில் இருக்கிறேன். ஆர்டர் எடுப்பது, கஸ்டமரைச் சமாளிப்பது, தாமதமானால் பொய் சொல்வது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா சொல்வாள், நான் பிழைத்துக்கொண்டேன். அக்காவுக்கு வாய் கிடையாது.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான், மெஷின் வேலை. கண்ணாடி அறைக்குள் ஏசி ஓடும். ஏசி எங்களுக்காக இல்லை, மெஷின் சூடாகக் கூடாதாம். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும், குனிய வேண்டியதில்லை. சாப்பாட்டு இடைவேளைகளில் பக்கத்தில் நின்று நின்றே மெஷின் ஓட்ட அக்கா கற்றுக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து போய்விட்டது என்பது வீட்டில் எங்களுக்குத்தான் தெரியும். பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள். ராத்திரி தலையணை வைக்காமல் படுப்பாள். இன்னும் ரெண்டு வருஷம் இந்த உரிக்கிற மேசையில் குனிந்தால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் மெஷின்காரர் வேலையை விட்டபோது அந்த இடத்தை அக்கா கேட்டாள். "அடுத்த தடவை பாத்துக்கலாம் ஊசிம்மா" என்றார் முதலாளி, தங்கை மகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவன் போனான். மறுபடி கேட்டாள், மறுபடி அடுத்த தடவை. இப்போது மூன்றாவது ஆளும் கிளம்புகிறான், அக்கா மறுபடி போய்க் கேட்டாள்.

"நீ எந்திரிச்சிட்டா அந்த மேசைக்கு நான் எங்கம்மா போவேன்? உன் கை மாதிரி வருமா?" என்றார் முதலாளி. கெட்டவர் இல்லை அவர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க ஒழுங்கா செய்றதுதான் உங்க வினையே. உழுகிற மாட்டை எவனாவது ஏர்லேருந்து அவுப்பானா? ஒரு தடவை சொதப்புங்க. நல்லா, கண்ணுக்குத் தெரியற மாதிரி சொதப்புங்க. இவளுக்குக் கை போயிடுச்சுன்னு அவரே எழுப்பிடுவாரு."

"போடி" என்றாள். ஆனால் வீடு வரைக்கும் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் கதவு வேலை வந்தது. எங்கள் பழைய கஸ்டமர். கண்ணாடிக் கதவில் பெயர், பட்டம், பார்க்கும் நேரம். உதவிக்கு வருகிறவன் லீவு, அதனால் டேப்பைப் பிடிக்க நான் கூடப் போனேன். அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு" என்றாள்.

சொதப்புவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கடைசி வரியைச் சாய்வாக வைத்தாள், கை தானாக நேராக்கியது. பிய்த்துவிட்டு மறுபடி சாய்த்தாள். ஒரு குமிழை விட்டாள், கட்டை விரல் போய் அதை நீவிவிட்டது. "பாவி, சும்மா இரு" என்று தன் கையையே திட்டினாள். கடைசியில் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். வரி சாய்ந்திருந்தது. குமிழ்கள் அம்மை போட்ட மாதிரி இருந்தன. எட்டு மணி என்ற இடத்தில் எட்டின் கீழ்வயிற்றுத் துண்டை எடுக்கவே இல்லை, அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கே அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். ரெண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"சூப்பர்மா. எப்பவும் போல நீட்டா இருக்கு."

போன் எடுத்துப் படம் பிடித்தார், முதலாளிக்கு அனுப்பினார். நாங்கள் கடைக்குத் திரும்புவதற்குள் முதலாளி அதைத் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார், தூக்கிய கட்டை விரல் படத்தோடு.

பஸ்ஸில் அக்கா அழுதாள். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவள் அழுது பார்த்ததில்லை. "எப்பவும் போலவாம்டீ" என்றாள். "அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்காகக் கழுத்த ஒடிச்சுக்கிட்டேன்?" நான் என் முந்தானையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவளே முதலாளி முன்னால் போய் நின்றாள். அவளுக்கு வாய் முளைத்த ஒரே நாள் அது. "முதலாளி, என் கை மாதிரி வேற யாருக்கும் வராதுன்னீங்க. நேத்து நான் வேணும்னே மோசமா ஒட்டினேன். டாக்டருக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. அப்ப யார் ஒட்டினா என்ன? யாரை வேணாலும் மேசையில போடுங்க. எனக்கு மெஷினக் குடுங்க."

அடேயப்பா, என்ன பேச்சு! கவுன்டரில் நின்று கை தட்டலாம் போல இருந்தது.

முதலாளி நம்பவில்லை. "விளையாடாத ஊசிம்மா." அவரை அவர் காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள், என்னையும். கதவு முன்னால் நிறுத்தி, விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்த வரி பாருங்க, எப்படி இறங்குதுன்னு. இந்தக் குமிழ் வெயில் பட்டா பெருசாகும். இந்த எட்டைப் பாருங்க. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. அடுத்த கடைக் கண்ணாடிக்குப் போனார், அதுவும் எங்கள் வேலைதான், அக்கா ஒழுங்காக ஒட்டியது. இங்கே வந்தார், அங்கே போனார்.

"அம்மாடி" என்றார். "இவ்வளவு நாளா இதையெல்லாம் பாத்துப் பாத்தா செஞ்சே? எனக்கு இது தெரியவே தெரியாதே!" அவர் கண் கலங்கியது, பொய்யில்லை. "இது தெரிஞ்சப்புறம் உன்னை நான் எப்படிம்மா அங்கேருந்து எழுப்புவேன்? இனிமே வேற எவன் ஒட்டினாலும் எனக்குக் கண்ணு உறுத்துமே."

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். குருடாக இருந்த மனுஷனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டு, அந்தக் கண்ணிலேயே மாட்டிக்கொண்டாள். இருபது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் உண்மையான பாராட்டு, அது அவளை மேசையோடு கட்டிப் போட்டது.

"அப்ப என் கழுத்து?" என்று கேட்டாள், மெதுவாக.

"நல்ல நாற்காலி வாங்கித் தர்றேன். கழுத்துக்குன்னே பண்ணது. விலையப் பாக்கமாட்டேன்."

கதவிலிருந்த எழுத்துகளைப் பிய்த்துவிட்டு அன்றைக்கே மறுபடி ஒட்டிக்கொடுத்தாள். டாக்டர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குக் கழட்டினீங்க?" என்றார். நான் அவரை ஏதாவது சொல்லியிருப்பேன், அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மெஷினுக்கு முதலாளியின் மச்சான் வந்தான். நாற்காலியும் வந்தது. சொன்ன சொல் மாறவில்லை முதலாளி. கறுப்பு வலை, சக்கரம், தலைக்கு மெத்தை. கடையே கூடி வேடிக்கை பார்த்தது. அக்கா உட்கார்ந்தாள், சாய்ந்தாள், தலையை மெத்தையில் வைத்துக் கண்ணை மூடினாள். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஊசியை எடுத்தாள், குனிந்தாள். உரிக்கிற வேலை குனிந்துதான் செய்ய வேண்டும். மெத்தை அவள் தலைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றும் அப்படி, மறுநாளும் அப்படி. சக்கரம் வேறு நழுவிக்கொண்டே இருந்தது.

வாரக் கடைசியில் அதை உருட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி அறைக்குள் விட்டாள். "இந்தாப்பா, நீ உக்காரு. சாயறதுக்கு உனக்குத்தான் நேரம் இருக்கு."

"தேங்க்ஸ்க்கா" என்று மச்சான் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தான், தலையை மெத்தையில் சாய்த்துத் திரையைப் பார்த்தான். அக்கா தன் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நான் கவுன்டருக்குப் போய், முதலில் வந்த கஸ்டமரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன்.