ஆறு சிவப்புச் சீட்டுகள்

சினிமாவானாலும் சர்க்கஸானாலும் எந்த டிக்கெட் எடுப்பது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்வது நான்தான். இவருக்குக் கிடர்பூர் துறைமுக ஆபீசில் வேலை. கையில் காசு நிற்காது. யார் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். அதனால் அந்தப் பொறுப்பை நானே பிடுங்கி வைத்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தேன், ஒரு வருஷம் சர்க்கஸுக்குப் போகும்வரை. மலிவு என்று நான் எடுத்த இடத்துக்கு நேர் முன்னால் கூடாரத்துக் கம்பம். சிங்கத்தின் வாலை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். அதன்பின் நான் கத்தரிக்காய் வாங்கி வந்தால்கூட, "தலையா, வாலா?" என்று கேட்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. அடுத்த குளிர்காலத்தில் மைதானத்தில் பொருட்காட்சி போட்டபோது, இவர் வாயை அடைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மாடி வீட்டு பௌதி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். பௌதி என்றால் அண்ணி. காளிகாட்டில் எங்கள் சந்தில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பௌதிதான். நோட்டீஸ் முழுக்க வங்காளி எழுத்து. பேச்சில் நான் யாருக்கும் சளைத்தவளில்லை. காய்கறிக்காரர் என்னிடம் கும்பிடு போடுவார். எழுத்தில் மட்டும் எனக்கு எண்கள்தான் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. ராட்டினம், ரயில் எதில் ஏறினாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு ரூபாய். பன்னிரண்டு சீட்டுப் புத்தகம் பதினெட்டு ரூபாய். பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சிரிக்கிற படம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறு சுற்று, நாங்கள் கீழே நின்று வேடிக்கை பார்ப்போம், ஆறு ரூபாய் மிச்சம். பள்ளிக்கூடத்தில் வங்காளி படிக்கும் மகளிடம் காட்டியிருக்கலாம். திடீரென்று அழைத்துப்போய் அசத்தலாம் என்று அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

புத்தகத்தில் ஆறு சீட்டு மஞ்சள், ஆறு சிவப்பு. அரை மணி நேரத்தில் மஞ்சள் தீர்ந்தது. குட்டி ரயில்காரரிடம் சிவப்பை நீட்டினால், "ஹோபே நா, பௌதி" என்று தலையாட்டிவிட்டார். நடக்காதாம். மகள் சீட்டுப் புத்தகத்தின் அட்டையை வாங்கிப் படித்தாள்.

"மஞ்சள்தான் எங்களுக்கு. சிவப்பு பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கும்மா. அதுவும் இன்னிக்கு மட்டும்தான் செல்லும். நோட்டீஸ்லயும் இருந்திருக்குமே, நீ பாக்கலியா?"

"அப்போ எனக்கு மூணு சுத்துதானா?" என்று மகன் உதட்டைப் பிதுக்கினான்.

இவர் சாவகாசமாக விரல்விட்டு எண்ணினார். "ஆறு சுத்துக்குப் பதினெட்டு ரூபாய். தனித்தனியா வாங்கியிருந்தா பன்னெண்டு. தலையா, வாலா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்தப் பேச்சைக் கேட்க என்னால் ஆகாது.

"கிளம்புங்க, நாம ஏறுவோம்."

"எதுல?"

"அந்த ராட்சத ராட்டினத்துல. சீட்டு வீணாப் போகக் கூடாது."

"ஐயோ, எனக்குத் தலை சுத்தும்டி!"

விடவில்லை. தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மகளைக் கீழே நிறுத்திவிட்டு, இவரை இழுத்துக்கொண்டு ஏறினேன். ராட்டினம் கிளம்பியதும், "அம்மாடியோ!" என்று நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். நாலாவது முறை மேலே போனபோது கண்ணைத் திறந்தேன். விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெள்ளை மாடம், ஊர்ந்து போகும் டிராம்கள், தூரத்தில் கங்கை, கிடர்பூர்க் கிரேன்கள்! இத்தனை வருஷமாகக் குடியிருக்கும் ஊர் இவ்வளவு அழகு என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

இறங்கியதும் இவர் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "இனிமே கழுத்தை வெட்டினாலும் ஏற மாட்டேன்."

மீதி நாலு சீட்டுக்கும் நானே ஏறினேன். யார் யாரோ பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கத்தினேன். முதல் முறை சீட்டு வீணாகிவிடுமே என்றுதான் ஏறினேன். அப்புறமும் அதையே சொன்னால் பொய். இரண்டு பிள்ளை பெற்றவள், சின்னப் பெண்போலச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசிச் சீட்டும் முடிந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை. ஆனால் தனிச் சீட்டு, முழு விலை. அதுவும் எனக்காக! வாய்விட்டுக் கேட்க நாக்கு எழவில்லை. இவர் என்னையே பார்த்தார். வந்துவிட்டது தலையும் வாலும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கவுண்டர் பக்கம் போனவர், இரண்டு சீட்டோடு திரும்பினார்.

"என்னங்க இது, முழு விலை குடுத்து? அதுவும் ரெண்டு?"

"தெரியும். ஏறு."

ராட்டினம் அசைந்ததுமே இவர் கண்ணை இறுக மூடி, என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பாக்க தைரியம் இல்ல. என்னென்ன தெரியுதுன்னு நீ சொல்லிக்கிட்டே வா."

கீழே வந்து நிற்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.