மூன்றாம் மாடிக் கயிறும் மீனாவின் முறையும்

பிள்ளைகளைப் பேசவைக்கும் தொழிலுக்கு முதல் தகுதி வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்தத் தகுதி இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடையாது. ஆனாலும் யாங்கூனில் இத்தனை வருஷமாக, பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டித்தான் பிழைக்கிறேன். "சொல்லு கண்ணு, சொல்லு" என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வற்றிய பெற்றோர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

பேர் என்ன?

அப்போது என் வகுப்பு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் சத்தம் கேட்கும் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மூன்று வயது மீனாவைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறிவந்தார் அவள் அப்பா முருகேசன். பின்னாலேயே அம்மா மா கின். பர்மியப் பெண், குடித்தனம் நடத்தியே தமிழ் பழகியவர். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. முருகேசனுக்குக் கப்பலில் வேலை. ஆறு வாரத்தில் கப்பலேறினால் திரும்ப ஒரு வருஷம் ஆகும். அதற்குள் மகள் ஒரே ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"உன் பேர் என்னம்மா?" என்றேன். "மீனா" என்றார் அப்பா. "என்ன வயசு?" "மூணு" என்றார் அம்மா. "பொம்மை வேணுமா?" "வேணும், வேணும்" என்றார்கள் இருவரும். பிள்ளை எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. முருகேசன் கவலையோடு சொன்னார்: "வீட்டில நாங்க ரெண்டு பேரும் வாய் ஓயாமப் பேசுறோம் டீச்சர், இவ மட்டும் ஏன் பேசமாட்டேங்கிறான்னு தெரியலையே!"

வெற்றிலை வைத்தியம்

பிரம்புப் பந்து ஆட்டம் ரொம்பச் சுலபம். ஒருவர் உருட்டிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பிள்ளை திருப்பி உருட்டும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. முருகேசன் மூன்று எண்ணுவதற்குள் "உருட்டுடா செல்லம், அப்பாகிட்ட உருட்டு" என்று ஆரம்பித்துவிடுவார். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மனுஷனா? கடைசியில், "நாளைக்கு வாய் நிறைய வெற்றிலையோட வாங்க" என்றேன்.

வந்தார். கன்னம் உப்பியிருந்தது, துப்பவும் முடியாமல் பேசவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பந்து மீனாவிடம் போனது. எட்டு எண்ணும்போது "ஆ" என்று ஒரு சின்னச் சத்தத்தோடு திரும்பி வந்தது! முருகேசன் கண்ணில் தண்ணீர். மா கின் மட்டும் புருஷனையே வியந்து பார்த்தார்: "கல்யாணமாகி ஆறு வருஷத்தில இவர் இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை, சயாமா!" ('சயாமா' என்றால் அங்கே டீச்சரம்மா.)

கயிற்று மணி

இப்போது நான் லான்மடாவில் லிப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறேன். அந்தப் பழைய பால்கனிக் கயிறு இல்லாதது இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. தெருவரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கீழே பேப்பர்காரர் இழுத்தால் மேலே மணி அடிக்கும், கிளிப்பில் மாட்டியதை நாம் இழுத்துக்கொள்ளலாம். மணி அடித்தால் போதும், மீனா எந்தப் பொம்மையையும் போட்டுவிட்டு ஓடுவாள். அட, இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் வேறென்ன வேண்டும்?

முருகேசனைக் கீழே அனுப்பினேன். அவர் ஒரு தடவை இழுப்பார், மேலே மணி அடிக்கும். மீனா கயிற்றை ஆட்டுவாள், கீழே கிளிப் துள்ளும். அவர் முறை, அவள் முறை. தினமும் இதே கூத்து. ஒருநாள் அவர் வரத் தாமதமாக, மீனா பொறுக்காமல் கயிற்றைப் போட்டு ஆட்டிவிட்டாள். கீழே மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் அம்மாள் ஒரு பொட்டலம் மாட்டி அனுப்பிவிட்டார். யாரும் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். அண்ணாந்து ஒரே போடாகப் போட்டார்: "ஆட்டினா வாங்கணும், சயாமா!"

யார் முறை?

ஆறு வாரமும் ஓடிவிட்டது. மகளிடமிருந்து ஆவும் ஊவும் வந்ததே தவிர, "அப்பா" என்ற சொல் வரவில்லை. கிளம்பும் நாள், முருகேசன் மேலே வந்து அவளை முத்தமிட்டுவிட்டு இறங்கிப்போனார். தெருவில் டாக்சி நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை கயிற்றை இழுத்தார். மணி அடித்தது.

மீனா கயிற்றைப் பிடித்தாள், ஆட்டவில்லை. நான் பத்து எண்ணினேன். பன்னிரண்டு, பதினைந்து. டாக்சிக் கதவு திறந்தது. பதறிப்போய், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நானே வாயைத் திறந்தேன்: "மீனா, அப்பான்னு..." பிஞ்சுக் கை ஒன்று என் வாயைப் பொத்தியது. கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்க அவள் கத்தினாள்: "அப்பா! இழு!"

முருகேசன் கல்லாக நின்றார். அத்தனை பேச்சுப் பேசும் மனுஷனுக்கு ஒரு சொல் வரவில்லை. வாயில் வெற்றிலைகூட இல்லை. மா கின் என் தோளில் சாய்ந்து அழ, நானும் அழ, கீழே டாக்சிக்காரர் பர்மியத்தில் அதட்டியது மேலேவரை கேட்டது: "பிள்ளை கூப்பிடுதில்ல? உங்களுக்கு என்ன, பேச வராதா?"

எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறந்துவைத்திருக்கிறேன். என் வாயை அடைத்தவள் மீனா ஒருத்திதான்.