ஏழாவதும் எட்டாவதும்

எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் மருந்தகத்தில், என் மென்பொருள் அச்சிட்ட துண்டுச்சீட்டை மருத்துவமாது மேசைமேல் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"இந்த அக்காவுக்குப் போன வருஷம் இந்த மருந்தாலதான் மூஞ்சி வீங்கிச்சு. தொடர்ந்து குடுக்கணும்னு போட்டிருக்கீங்களே?"

அந்த ரப்பர் பால்வெட்டும் பெண் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார். மருத்துவமாதுக்கு அவர் முகம் ஞாபகம் இருந்ததால் மருந்தைக் கொடுக்கவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிரல் பிழையின்றி ஓடியிருந்தது. நோயாளியைப் பதியும் மெத்தடு என்ற நிரல்துண்டுக்குப் பதினொரு பராமீட்டர்கள், அதாவது பதினொரு தகவல்களை வரிசை மாறாமல் கொடுக்க வேண்டும். ஏழாவது, குடித்துவரும் மருந்து. எட்டாவது, ஒத்துக்கொள்ளாத மருந்து. தேடிப் பார்த்தால், ஒரு பதிவுத் திரையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். இரண்டும் வெறும் எழுத்துகள் என்பதால் கணினி மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டது.

அன்றே பதினொன்றையும் மூன்று ஆப்ஜெக்ட்டுகளாக, அதாவது சிறு தகவல் தொகுப்புகளாகப் பிரித்தேன். ஒன்றின் இடத்தில் மற்றதைக் கணினி ஏற்காதபடி இரு மருந்துகளுக்கும் தனித்தனி வகுப்பு, அதாவது தனி வகை எழுதினேன். இனி இடம் மாறினால் நிரல் ஓடவே ஓடாது. மருத்துவமாதிடம் நிம்மதியாகச் சொன்னேன்.

"சரி. ஏற்கெனவே பதிஞ்சதெல்லாம்?" என்றார்.

எது எந்தத் திரையில் பதிந்தது என்ற குறிப்பே இல்லை. ஒரு வாரம் அவர் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விசாரித்துவந்தார், நான் திருத்தினேன். ஒரு பெண் மட்டும் கிடைக்கவில்லை. கொழும்பில் வீட்டுவேலைக்குப் போய்விட்டாராம், அவருக்கு எது எந்த மருந்தென்று வீட்டாருக்கும் தெரியவில்லை. அவருடைய இரண்டு மருந்துக் கட்டங்களையும் வெறுமையாக விடப் போனேன்.

"வெறுமையா விட்டா ஒண்ணும் இல்லைன்னு நெனைச்சிருவாங்க. தெரியாதுன்னே போடுங்க."

'தெரியாது' என்பதற்கு என் வகுப்புகளில் இடமே இல்லை. அதற்காக இன்னொன்று எழுதினேன்.

இப்போது கேகாலையில் பிறருடைய நிரல்களைச் சரிபார்க்கிறேன். நீளமான பராமீட்டர் வரிசையைக் கண்டால் பிரிக்கச் சொல்கிறேன். சில சமயம் பிரித்ததே கூடிப்போய், எது எங்கே இருக்கிறதென்று எனக்கே குழம்புகிறது. எங்கே நிறுத்துவதென்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கொழும்புக்குப் போன அந்தப் பெண் தோட்டத்துக்குத் திரும்பினாரா, யாராவது அவரிடம் கேட்டு எழுதினார்களா என்பதும் தெரியாது.