டிராகனுக்குத் தீனி போட்ட வியாழக்கிழமை

போன வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு ஒருத்தியைத் தூக்கி டிராகனுக்குத் தீனியாகப் போட்டுவிட்டேன்.

பதறாதீர்கள்... செல்போனில்தான். ஆனால் அதற்கப்புறம் எனக்கு வந்த பயம் நிஜமான பயம். ஏன் என்று சொல்கிறேன்.

மண்ணூரில் ஒரு மாடி அறையில் நானும் இசக்கிமுத்துவும் இருக்கிறோம். இசக்கி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கீழ் வீட்டில் தனசேகர், வீட்டு ஓனரின் மகன். மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி. ஒரகடத்தில் காருக்கு சீட் செய்து அனுப்புகிற இடம். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். இந்த மாதம் எனக்குக் காலை, இசக்கிக்கு மத்தியானம், தனாவுக்கு ராத்திரி. ஒருவன் பஸ் ஏறும்போது இன்னொருவன் தூங்குவான். ஒருவர் முகத்தை ஒருவர் முழித்திருக்கும்போது பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அப்படியென்றால் நட்பு எப்படி ஓடுகிறது? ஒரு கேமில் ஓடுகிறது!

அட்டைகளை வைத்துச் சண்டை போடும் கேம். நூற்றுக்கணக்கான அட்டைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஒரு டீம் கட்டவேண்டும். எதிராளியும் ஐந்து கட்டுவான். ஒவ்வோர் அட்டைக்கும் அடிக்கும் பலம், தாங்கும் பலம், எடை, ஒரு தனித் திறமை. வேண்டாத அட்டையை வேண்டிய அட்டைக்குத் தீனியாகக் கொடுத்து லெவல் ஏற்றலாம். கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்ப வராது.

எங்களுக்கு மூன்று போன், ஆனால் ஒரே அக்கவுன்ட். ஃபேக்டரிக்குள் போன் கூடாது, செக்யூரிட்டி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகமுடியும். அதனால் எவன் அறையில் இருக்கிறானோ அவன் ஆடுவான். ஆடிவிட்டு, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கும் நோட்டில் எழுதி வைப்பான். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுவோமே, அதே மாதிரி. 'ஆறு சண்டை, ஐந்து ஜெயிப்பு. யானைக்கு லெவல் ஏற்றியாச்சு. பால் காய்ச்சி மூடி வெச்சிருக்கேன், பூனை ஜாக்கிரதை.'

எங்கள் டீமில் விளக்குக்காரி என்று ஓர் அட்டை உண்டு. இரண்டே நட்சத்திரம். அடிக்கும் பலம் மூன்று. (எங்கள் டிராகனுக்கு முந்நூற்று எண்பது!) நிற்பாள், விளக்கைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். இசக்கிதான் அவளை முதல் நாளிலிருந்து டீமில் வைத்திருந்தான்.

வியாழக்கிழமை எனக்கு ஞானம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்து ஹாஸ்டல் டீம் ஒன்றோடு போனில் மேட்ச் இருக்கிறது... இந்த மூன்று பலக்காரி எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு? டிராகனுக்குப் போட்டேன். அந்த இடத்தில் ஒரு வாள்வீரனை நிறுத்தினேன். ஐந்து பேரும் அடிக்கிறவர்கள். எப்படி இருக்கவேண்டும்?

முதல் சண்டையில் தோற்றேன். இரண்டாவதும் தோற்றேன். ஒன்பதாவதில்தான் உறைத்தது — விளக்கைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் முன்னால் நிற்பவனின் காயத்தை ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை மாதம் டிராகன் ஜெயித்தது என்று நினைத்தோமே... டிராகனைச் சாகாமல் பார்த்துக்கொண்டது அவள்!

சரி, கேம்தானே என்பீர்கள். விஷயம் அதில்லை. இசக்கிக்குக் கம்பெனி ஹாஸ்டலில் இடம் கிடைத்திருந்தது. ஒரே ஷிஃப்ட்காரர்கள் ஒரே அறையில், பேச்சுத் துணை உண்டு. போவதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டும். "இந்த டீமும் நோட்டும் இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேம்ல" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான். அந்த டீமைத்தான் நான் உடைத்து வைத்திருந்தேன்.

எங்கள் அப்பா தப்பு செய்தால் நேரே போய் எதிரில் நின்று சொல்லிவிடுவார். எழுதத் தெரியாதவருக்கு வேறு வழி கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதத் தெரியும். அதனால் ஒளியவும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, இசக்கி தூங்கிக்கொண்டிருக்கும்போதே நோட்டை எடுத்தேன். லைனில் ஒரு சீட் ரிஜெக்ட் ஆனால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டுப் பதில் எழுதச் சொல்வார்கள். அதே மாதிரி எழுதினேன்.

'பிரச்னை: விளக்குக்காரி இல்லை.
ஏன்? டிராகனுக்குப் போட்டுவிட்டேன்.
ஏன் போட்டாய்? அவளுடைய நம்பர் சின்னது.
ஏன் நம்பரை மட்டும் பார்த்தாய்? அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது.
ஏன் அவள் வேலை தெரியவில்லை? அவள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த வரை ஒன்றும் கெடவில்லை.
ஏன்?'

ஐந்தாவதுக்குப் பதில் தோன்றவில்லை. கம்பெனி பஸ் வேறு ஹாரன் அடித்துவிட்டது. ஓடினேன்.

அன்றைக்கு லைனில் கை ஓடவில்லை. சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னாப்பா குமரேசா, வூட்ல யாருக்கனா உடம்பு சரியில்லியா? மூஞ்சி தொங்கிப் போய்க் கீது?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு ஸ்க்ரூவ உட்டுட்ட? போ, மூஞ்ச கழுவிக்கினு வா. ரிலீவரைக் கூப்புடு."

ரிலீவர் வந்தார். லைனில் யாராவது தண்ணி குடிக்க, பாத்ரூம் போக நகர்ந்தால் அந்த இடத்தில் வந்து நிற்கிறவர். எல்லா ஸ்டேஷன் வேலையும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் முகம் கழுவி வருவதற்குள் ஆறு சீட் முடித்திருந்தார். போர்டில் அந்த ஆறும் என் பெயரில்தான் ஏறியது. அவர் பெயரே போர்டில் கிடையாது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மத்தியான ஷிஃப்டில் ரிலீவர் யார்? எங்கள் இசக்கிமுத்து!

மூன்று மணிக்கு அறைக்கு வந்தேன். இசக்கி வேலைக்குப் போயிருந்தான். முதலில் அவன் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்புறம் நோட்டு. என் ஐந்தாவது 'ஏன்' பக்கத்தில் அவன் கையெழுத்து.

'ஏன்னா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அதான் காரணம். வேற ஒண்ணுமில்ல. டிராகனுக்கு வயிறு நெறஞ்சுதா? நடவடிக்கை: ஞாயித்துக்கிழம மீன் கழுவுறது நீ. செதில் ஒண்ணு இருந்தாலும் ரிஜெக்ட்.'

நின்றபடியே நாலு தடவை படித்தேன். பிறகு சாப்பிட்டேன். வியாழக்கிழமைக்கப்புறம் அதுதான் முதல் வயிறு நிறைந்த சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை. நான் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தனா படியேறி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட இன்னாபா வாத்தியாரே! அந்த வெளக்கு ஆயா தெனிக்கும் ஃப்ரீயா வர்ற கார்டுபா. நான் வாங்கி வாங்கி வித்துக்கினு இருக்கேன். இன்னிக்குக் கூட ஒண்ணு வந்துகீது, பாரு."

வந்திருந்தாள்! ஆனால் லெவல் ஒன்று. எங்கள் பழையவள் நாற்பது.

"ஒரு அடி வாங்குனா போயிருவாளே?" என்றேன்.

"ஏல, அவள முன்னால நிறுத்துனாத்தான அடி?" என்றான் இசக்கி. "யானைய முன்ன நிறுத்து. அவள கடைசில, சுவர் அட்டைக்குப் பின்னால ஒளிச்சு வை. டீமோட மொத்த எடைக்கு ஒரு அளவு இருக்குல்லா? டிராகன் ஒருத்தனே பாதி எடை. அவனயும் வாள்வீரனயும் எடுத்துட்டு, சின்னவங்க ரெண்டு பேர வை."

"டிராகன் இல்லாமலா?"

"அவன் சாப்ட்டது போதும். ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஹாஸ்டல் டீம் ஐந்து நட்சத்திரமாகவே இறக்கியிருந்தது. யானை அடி வாங்கியது. விளக்குக்காரி விளக்கைத் தூக்கினாள், கொஞ்சூண்டு ஆறியது. மறுபடி அடி, மறுபடி விளக்கு. மூன்று தலையும் ஒரு போனுக்கு மேல். "தூக்கு ஆயா, தூக்கு!" என்று தனா கத்தியதில் கீழே அவன் அம்மா, "டேய், யாரைடா தூக்கச் சொல்றே?" என்று பதறி மேலே வந்துவிட்டார்கள். கடைசி எதிராளி விழுந்தபோது யானைக்கு ஒரு நூல் உயிர் மிச்சம்.

ஜெயித்துவிட்டோம். ஆனால் நான் கேட்க நினைத்தது அது இல்லை.

"இசக்கி... ஹாஸ்டல்?"

அவன் மீன் துண்டைத் திருப்பித் திருப்பிச் செதில் தேடிக்கொண்டிருந்தான். "அங்க எல்லாப் பயலும் ஒரே ஷிஃப்ட்ல. எவன் நோட்டு எழுதுவான்? வேண்டாம்னு வெள்ளிக்கிழமயே சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமையா? அத நோட்டுல எழுதியிருக்கக்கூடாதா?"

"நீதான் கேக்கலயே!"

அலுவலகமோ, வீடோ, கேமோ... டீம் கட்டுகிறவர்கள் முதலில் பெரிய நம்பரைத்தான் தேடுகிறோம். தப்பில்லை, அது பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் சின்ன நம்பர்காரரைத் தூக்குவதற்கு முன்னால், அவர் என்னதான் செய்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், அந்த டிராகன்? புதன்கிழமை தனா அதை யானைக்குத் தீனியாகப் போட்டுவிட்டான் — எங்கள் இருவரையும் கேட்டுவிட்டுத்தான்!